மறுபிறப்பு என்ற சொல்லும் சாகாத முதல் பிறப்பும்

யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கோதேமு என்ற பரிசேயன் இராத்திரியில் இயேசுவைத் தேடி வருகிறான். பிறக்க வேண்டும் என்று இயேசு அவனிடம் சொல்லும் இடத்தில் கிரேக்கப் பிரதியில் உள்ள சொல் 'அனோதென்'. அதற்கு 'மேலிருந்து' என்றும் பொருள், 'மறுபடியும்' என்றும் பொருள். நிக்கோதேமு இரண்டாவது பொருளில் கேட்டுக்கொள்கிறான். கிழவனானவன் தாயின் வயிற்றுக்குள் எப்படித் திரும்பப் போவான் என்று மலைக்கிறான். தமிழ் வேதாகமங்களும் 'மறுபடியும்' என்ற பொருளையே எடுத்துக்கொண்டன. நிக்கோதேமுவின் காதுதான் நம் மொழிபெயர்ப்பின் காது.

ஆனால் அந்தக் காதிலும் தமிழில் வேறொரு சத்தம் கேட்கிறது. நிக்கோதேமுவுக்கு மறுபடி பிறப்பது நடக்காத காரியம். நமக்கோ தப்பிக்கவே முடியாத காரியம். "திரும்பவும் பொறக்கணுமா? போதும்டா சாமி" என்பதுதான் இங்கே பக்தியின் அடிக்குரல். காரைக்காலில் இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. வணிகர் வீட்டுப் பெண்ணான புனிதவதி, மாம்பழக் கதைக்குப் பிறகு, சதையை உதறிப் பேயுருவெடுத்து, தலையால் நடந்து கயிலைக்குப் போய்க் கேட்ட வரங்களில் ஒன்று பிறவாமை. பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது. பிறவாமையை வரமாகக் கேட்ட ஊரில், மறுபடியும் பிற என்பது நற்செய்தியாக எப்படிக் கேட்கும்?

இன்னொரு குடித்தனக்காரரும் இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறார். இருபிறப்பாளர். பூணூல் சடங்கில் கிடைக்கும் இரண்டாம் பிறப்பு, முதல் பிறப்பு சரியான வீட்டில் நடந்திருந்தால் மட்டுமே கிடைக்கும். முதல் பிறப்பை அது ரத்து செய்வதில்லை. முத்திரை குத்தி உறுதிப்படுத்துகிறது.

மூன்றாவது, புத்தகத்தில் இல்லாதது. கிளிஞ்சல்மேடு போன்ற கடலோர ஊர்களில் இது தினசரிப் பேச்சு. கவிழ்ந்த படகிலிருந்து கரை சேர்ந்தவன் "செத்துப் பொழச்சேன்" என்பான். பிரசவம் பெண்ணுக்கு மறுபொறப்பு என்பார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தச் சொல்லுக்குப் புது விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. இந்தப் பேச்சு வழக்கில் வினையும் இல்லை, பூணூலும் இல்லை. ஒரு சாவு நெருங்கிவந்து விலகியது, பிறகு நடப்பதெல்லாம் உபரி, அவ்வளவுதான். பவுல் எழுதிய ஞானஸ்நான இறையியலுக்கு, தண்ணீரில் புதைந்து எழுந்து வருவதற்கு, நம் மொழியில் மிக அருகில் இருப்பது இந்தப் பேச்சுதான் என்று நினைக்கிறேன். இருந்தும் போதகச் சொல்லாடல் 'மறுஜென்மம்', 'மறுபிறப்பு' என்று ஏட்டுச் சொற்களையே பிடித்துக்கொண்டது.

மிஷனரிகளுக்கு இந்த நெருக்கடி தெரியாமல் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று தனி நூலே எழுதினார். ஒரு மறுபிறப்பை மறுத்துத்தான் இன்னொரு மறுபிறப்பைப் போதிக்க முடிந்தது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் தரங்கம்பாடி. அங்கே 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. வினைக்கொள்கையோடு சண்டை போடுவதில் இரு தரப்பு மிஷனரிகளும் சளைக்கவில்லை. சண்டை போடாமல் விட்டது முதல் பிறப்போடுதான்.

நொபிலி சாதி ஆசாரத்தை வெறும் உலக வழக்கம் என்று வகைப்படுத்தி அனுமதித்தார். தரங்கம்பாடி ஆலயத்திலோ வேளாளக் கிறிஸ்தவர் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர் வேறு பக்கம். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் போதகராக அபிஷேகம் பெற்றார். அதற்குப் பிறகு இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. தஞ்சைப் படையில் இருந்தவர், ஊழியத்தில் பெயர் பெற்ற உபதேசியார், பறையர். அவர் கையால் சாதிக்காரர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடைக்கவில்லை. சித்தாந்தப்படி அங்கே இருந்த எல்லோருமே மறுபடியும் பிறந்தவர்கள். ஆனால் அப்பம் நீட்டும் கை எந்த வயிற்றில் பிறந்தது என்பதுதான் கேள்வியாக இருந்தது. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை ஒழிக்கச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் கிளம்பிய எதிர்ப்பு, ஒரு நூற்றாண்டாக எது சாகாமல் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

இதுவரை சபையின் பிரதி. அரசின் பிரதி இதைவிடச் சுவாரசியமானது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கு மட்டுமானது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியார் இல்லை. அதாவது ஞானஸ்நானத்தில் பழைய மனிதன் செத்தான் என்பதைச் சபையைவிட உறுதியாக நம்புவது அரசாங்கம். சேரி அதே சேரி, கிணறு அதே கிணறு. சான்றிதழில் மட்டும் மறுபிறப்பு.

அந்த நம்பிக்கையும் ஒருவழிப் பாதைதான். மதம் மாறியவரின் சாதி சாவதில்லை, கிரகணம் பிடித்தாற்போல் மறைந்திருக்கிறது, தாய்மதம் திரும்பினால் மீண்டும் வெளிப்படும் என்ற தர்க்கத்தை 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். உடல் மாறினாலும் அழியாதது ஆன்மா என்று வினைக்கொள்கை சொன்ன இடத்தில், மதம் மாறினாலும் அழியாதது சாதி என்று சட்டம் சொல்கிறது. நொபிலி ஆட்சேபித்த புனர்ஜென்மம் சாதியின் பெயரில் திரும்ப வந்துவிட்டது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காரைக்கால் சேர்ந்திருக்கும் அதே ஒன்றியப் பிரதேசம். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர், தான் இந்து என்று பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் கிறிஸ்தவராகவே வாழ்கிறார், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு இடறுவது அந்தக் கைக்குழந்தை. முதல் பிறப்பை அது தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் பிறப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டுக்கும் அதுவேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடல் தந்த மறுபொறப்பைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் தலித்துகள் தண்ணீரிலும் தங்குமிடத்திலும் ஒதுக்கப்பட்டது அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. செத்துப் பிழைத்தவர்களோடு சேர்ந்து அதுவும் பிழைத்துக் கரையேறியது.

அதனால்தான் 'மேலிருந்து' என்று நாம் கைவிட்ட பொருளுக்குத் திரும்ப வேண்டும் என்கிறேன். 'மறுபடியும்' என்பது எண்ணிக்கை. முதலாவதன்மேல் இரண்டாவதை அடுக்கலாம். 'மேலிருந்து' என்றால் குலம், கோத்திரம், வயிறு எதுவுமே ஊற்று இல்லை. இதைத் தமிழ்ச் சபைகள் வாசிக்கத் தொடங்கினால் முதலில் ஆட்டம் காண்பது அவர்கள் கல்லறைகள்தான். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதி பார்த்துப் பிரித்த சுவரைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்தோம். "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா, மறுபடியும் பிறந்தீர்களா?" என்று வீடு வீடாகக் கேட்பவர்களிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது. பழைய மனுஷன் செத்துட்டான்னு சொல்றீங்களே, அவனைச் சுவருக்கு எந்தப் பக்கம் பொதச்சீங்க?