வில்லன் இல்லாத வகுப்பறை

மே மாதம் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையில் பஸ்ஸில் போனால் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஃப்ளெக்ஸில் வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் சிரிப்பு, கீழே மதிப்பெண். மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. முகங்கள் நிற்கவில்லை. இந்தச் சாலையில் படித்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி ரொம்ப நாளாக உண்டு. மதிப்பெண் வெறியைப் பற்றித் தமிழில் இவ்வளவு கதையும் படமும் வந்திருந்தும், அதில் ஒன்றிலும் ஏன் என் வகுப்பு இல்லை?

சமுத்திரக்கனியின் 'அப்பா' (2016) படத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளை பிறக்கும் முன்பே படிப்பைத் திட்டமிடும் சிங்கப்பெருமாள் ஒரு பக்கம், பிள்ளையை அவன் போக்கில் விடும் தயாளன் இன்னொரு பக்கம். தம்பி ராமையா செய்கிற சிங்கப்பெருமாளைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. அவர் மகன் இறந்ததும் அழுதது. நானும் அழுதேன். ஆனால் படம் முடிந்து வெளியே வந்த எந்த அப்பாவும் தன்னைச் சிங்கப்பெருமாளாக நினைத்துக்கொண்டிருக்க மாட்டார். கேலிச்சித்திரத்தில் யாரும் தன் முகத்தைத் தேடுவதில்லை. இன்னொன்று, தயாளனின் மகனும் கடைசியில் நீச்சலில் சாதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. சாதிக்காமல் சும்மா நன்றாக இருக்கும் ஒரு பையனைக் காட்ட அந்தப் படத்துக்கே தைரியம் இல்லை. மார்க் போய் மெடல் வந்தது, அவ்வளவுதான்.

ராமின் 'தங்க மீன்கள்' (2013) இதைவிட ஆழமான படம். பணம் உள்ளே வருகிறது. அலுமினியப் பட்டறைச் சம்பளத்தில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் ஊரை விட்டு வேலை தேடிப் போகிறான் கல்யாணி. செல்லம்மாவுக்குக் கடைசியில் அரசுப் பள்ளியில்தான் மூச்சு வருகிறது. ஆனால் ராமின் கண் அப்பா, மகள் பாசத்தை விட்டு நகர்வதே இல்லை. செல்லம்மா பாவம், கல்யாணி பாவம், உலகம் கொடுமை. மதிப்பெண்ணை உண்மையிலேயே நம்பும் மனிதருக்கு அங்கே இடம் இல்லை.

எங்கள் பக்கத்து அப்பாக்கள் அதை நம்பினார்கள். அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். எஸ்டேட்டில் அப்பா பெர்மனென்ட், அதே கம்பெனியில் மகன் கான்ட்ராக்ட் என்று ஆனதைப் பார்த்தவர்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையே 2021இல் அரசுத் துறையிலிருந்து கார்ப்பரேஷன் கைக்குப் போனது. நிலம் இல்லை, கடை இல்லை, சிபாரிசு இல்லை. பிள்ளைக்கு விட்டுப்போக அவர்களிடம் இருந்த ஒரே சொத்து மார்க் ஷீட். அதை வெறி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது ஒரு கணக்கு, பல வீட்டில் சரியாகவே வந்த கணக்கு என்பதுதான் சிக்கல்.

விதிகள் மாறிய வேகமும் சேர்ந்துகொண்டது. பொறியியல், மருத்துவத்துக்கான மாநில நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதும் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கப் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதற்குள் நீட் வந்துவிட்டது. 2017இல் அனிதா 1200க்கு 1176 எடுத்திருந்தார். அந்த எண் ஒரே வருடத்தில் செல்லாக்காசானது. இப்போது 2025இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள். இப்படிக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிற ஓட்டத்தில் யாரை வில்லனாக்குவது?

இரா. நடராசனின் 'ஆயிஷா' இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. அறிவியல் புத்தகம் ஒன்றுக்கு ஓர் ஆசிரியை எழுதும் முன்னுரையாக அமைந்த சிறிய கதை. கேள்வி கேட்பதற்காகவே அடி வாங்கும் சிறுமி, வலி தெரியாமல் இருக்க வழி தேடித் தன்மீதே சோதனை செய்து இறந்துபோகிறாள். அடித்த ஆசிரியர்களைக் கதை விட்டுவிடவில்லை. ஆனால் கதையின் பாரம் அவர்கள்மேல் இல்லை. அவளைப் புரிந்துகொண்டும் காப்பாற்றாமல் போன, இப்போது எழுதிக்கொண்டிருக்கிற அந்த ஆசிரியைமேல்தான் இருக்கிறது. விரல் சொல்பவளை நோக்கியே திரும்புகிறது. பல வருடம் கழித்தும் ஆயிஷா உறுத்துவதற்கு அதுதான் காரணம். அவள் சாவு மட்டும் அல்ல.

நாம் இதைத்தான் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று தோன்றுகிறது. ஆசிரியர் எழுதிவிட்டார், அப்பா எழுதிவிட்டார். பக்கத்து பெஞ்சில் இருந்தவன் எழுதவில்லை. என் பள்ளியில் மார்க் வரிசைப்படிதான் செக்‌ஷன் பிரிப்பார்கள். வீட்டில் "எவ்ளோ?" என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும், "அவன் எவ்ளோ?". அந்த 'அவன்' என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். பிளஸ் டூ அரையாண்டில் அவன் சரிந்து கீழ் செக்‌ஷனுக்குப் போனபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. அன்றைக்கு மதியம் தனியாகச் சாப்பிட்டேன். அவனைத் தேடிப் போகவில்லை. அந்த மதியத்தைத் தமிழில் எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

கொடுமைக்கார ஆசிரியர், பேராசைக்காரத் தாளாளர், முட்டாள் அப்பா என்று பழியை வெளியே வைக்கும் வரை நம் படைப்புகள் நம்மை அழவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். போட்டி ஒரு பிள்ளையை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல, தோற்றவன் கதை மட்டும் போதாது. ஃப்ளெக்ஸில் சிரிக்கிறவனும் வாயைத் திறக்க வேண்டும். அவன் எழுதும் கதையில் வில்லன் இருக்க மாட்டான். படிக்க அதுதான் கஷ்டமாக இருக்கும்.