தென்னாப்பிரிக்க ஜாஸும் பல்லியக் கோவையும்

ஐந்தாறு பேர் கூடி, ஏடு பாராமல், ஒருவர் வாசிப்பை ஒருவர் செவிமடுத்து வளர்த்த இசையைப் பதினேழு பேர் ஏடு பார்த்து வாசிக்கும் இசையாக மாற்றுதல் எளிய செயலன்று. பாட்டை இயற்றுபவர் ஒருவர். அதனைப் பல கருவிகளுக்கும் பகுத்து எழுதுபவர் மற்றொருவர். பின்னவரை மேலையிசை உலகம் தனிப் பெயரிட்டு மதிக்கிறது. தமிழில் அவரைக் கோவையாளர் எனலாம். கோவையாளரின் கை எவ்விடத்து உதவுகிறது, எவ்விடத்துக் கெடுக்கிறது என்பதை ஆராயத் தென்னாப்பிரிக்க ஜாஸ் தக்கதொரு களம்.

அந்நாட்டு ஜாஸின் வேர் மாராபி என்னும் இசை. 1920களிலும் 1930களிலும் ஜோகன்னஸ்பர்க் நகரின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில், சட்டத்திற்குப் புறம்பாக மது விற்ற வீடுகளில், பியானோவிலும் மிதி ஆர்மோனியத்திலும் இரவெல்லாம் வாசிக்கப்பட்டது அது. கூழாங்கல் அடைத்த தகரக் குவளை தாளம் தந்தது. அவ்வீடுகளில் ஒலித்த மாராபிக்கு இசைத்தட்டு அநேகமாக ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் அதன் அமைப்பு பின்வந்த இசையிலெல்லாம் நிலைத்துவிட்டது. குரல், உழை, மீண்டும் குரல், பின் இளி என நான்கு சுரக்கூட்டுகள் அடுத்தடுத்து வரும். ச, ம, ச, ப என்றும் கொள்ளலாம். மூன்றாவதாகக் குரற்கூட்டு மீளும்போது அதன் அடியில் இளியே ஒலிக்கும். ஆதலின் அங்கும் முழு அமைதி இல்லை. இறுதிக் கூட்டு இளியில் நிற்பதால் செவி மறுபடி குரலை நாடும். முடிந்த இடத்திலேயே வட்டம் தொடங்கிவிடும்.

இக்கூட்டுகளுக்குக் கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய பள்ளிகளும் ஒரு தோற்றுவாய். அங்கே மாணவர் நான்கு குரலாகப் பிரிந்து பாமாலை பாடினர். ஐங்கோட்டு முறையைவிட, டோ, ரே, மி என எழுத்தாலேயே சுரம் குறிக்கும் முறையைப் பெரிதும் பயின்றனர். 1897இல் ஈனாக் சொந்தொங்கா இயற்றியதும், பின்னாளில் நாட்டுப்பண்ணின் பகுதியாகியதுமான பாட்டும் அம்முறையில் எழுதப்பட்டதே. ஆகவே இம்மக்களை ஏடறியாதவர் என்பது பிழை. அவர்தம் ஏடு வேறு.

பெரிய குழுக்கள் 1930களில் தோன்றின. பீட்டர் ரெசாண்டின் 'மெரி பிளாக்பேர்ட்ஸ்' குழுவினர் அமெரிக்காவிலிருந்து அச்சாகி வந்த கோவைகளைப் பிழையற வாசித்துப் புகழ் பெற்றனர். மாராபிப் பியானோக்காரராக இருந்த சாலமன் செலே தொடங்கிய 'ஜாஸ் மேனியாக்ஸ்' குழுவோ, அமெரிக்க முறையைக் கற்றும் மாராபியைக் கைவிடாதது. முன்னது கற்றோர் மதிப்பைப் பெற்றது. பின்னது வழி வகுத்தது.

கோவையாளருக்கு வரும் முதற் சோதனை அந்த நான்கு கூட்டு வட்டத்தை வறுமை என எண்ணிவிடுவது. அமெரிக்கப் பாட்டுகளின் முப்பத்திரண்டு அளவு அமைப்பில் பழகியவருக்கு, ஒரே வட்டம் பத்து நிமிடம் சுழல்வது குறையாகவே தோன்றும். உடனே அவர் இடையிடையே புதுக் கூட்டுகளைச் செருகுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதியை உயர்த்துவார். உச்சம் ஒன்று கட்டி முடிப்பார். எல்லாம் திறமைதான். ஆனால் வட்டம் போய்விடும். ஒரே அடியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும் பாடகரைக் கேட்டவர்க்கு இது விளங்கும். அங்கே அடி மாறுவதில்லை. அடிக்குள் நிகழ்வதே மாறுகிறது. மாராபியிலும் கூட்டு மாறக்கூடாது. அதன்மேல் அடுக்கும் சிறு தொடர்கள் மாறலாம், கருவியின் நிறம் மாறலாம், ஒலியின் பருமன் மாறலாம்.

இது கலைநுட்பம் பற்றிய வாதம் மட்டுமன்று. 1959இல் அரங்கேறிய 'கிங் காங்' என்னும் இசை நாடகத்தின் வரலாறு இதற்குச் சான்று. குத்துச் சண்டை வீரர் எசக்கியேல் த்லாமினியின் வாழ்வைச் சொல்வது அது. இசை டாட் மட்ஷிகிசாவுடையது. ஜோகன்னஸ்பர்க்கில் பெருவெற்றி பெற்று 1961இல் லண்டனுக்கும் சென்றது. தம் இசை பிறர் கைகளில் உருமாறிய வேதனையை மட்ஷிகிசா அவ்வாண்டு வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதினார். குடியிருக்கும் இடத்தை 1950ஆம் ஆண்டுச் சட்டம் இனவாரியாகப் பங்கிட்டு, 1955 முதல் சோபியாடவுன் என்னும் இசைவளம் மிக்க ஊரையே அரசு இடித்துக்கொண்டிருந்த நாட்டில், பாட்டும் கையைவிட்டுப் போவதென்றால் எஞ்சுவது என்ன?

1963இல் கிரிஸ் மெக்கிரிகர், நாட்டின் சிறந்த கலைஞர்களைத் திரட்டி, ஆதரவளித்த ஒரு பீரின் பெயரைத் தாங்கிய பதினேழு பேர் குழுவை அமைத்தார். அக்குழுவின் இசைத்தட்டு 'ஜாஸ்: தி ஆப்பிரிக்கன் சவுண்ட்'. டாலர் பிராண்ட், கிப்பி மொயெக்கெட்சி, மெக்கிரிகர் ஆகிய மூவரின் ஆக்கங்களே அதில் உள்ளன. அமெரிக்கரின் பாட்டு ஒன்றும் இல்லை. இத்தெரிவே ஒரு துணிவு. கோவையில் டியூக் எலிங்டனின் சாயல் தெரியத்தான் செய்கிறது. ஆனால் எலிங்டனிடம் மெக்கிரிகர் கற்ற சிறந்த பாடம், டிரம்பெட்டுக்கு எழுதாமல் இன்ன மனிதனின் டிரம்பெட்டுக்கு எழுதுதல் என்பது.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதற்கு அந்நாட்டுச் சட்டங்கள் இடையூறாக நின்றன. 1964இல் மெக்கிரிகரின் சிறு குழுவினர் பிரான்சில் நடந்த ஒரு விழாவிற்கெனப் புறப்பட்டு, ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டனர். லண்டனில் அவர் அமைத்த 'பிரதர்ஹுட் ஆப் பிரெத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. அதில் டூடூ புக்வானாவின் 'எம்.ஆர்.ஏ.' என்னும் ஆக்கமே இவ்வாராய்ச்சிக்கு உயிர் போன்றது. சிறிய தொடர் ஒன்று எழுகிறது. வேறு கருவிகள் வேறு தொடரோடு அதன்மேல் ஏறுகின்றன. மூன்றாவது அடுக்கும் சேர்கிறது. எந்த அடுக்கும் கடினமானதன்று. ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில்தான் கலை இருக்கிறது. மோங்கெசி பேசாவின் டிரம்பெட்டும் லூயிஸ் மொஹோலோவின் முழவும் ஏட்டைச் சில நேரம் மீறிச் செல்கின்றன. ஏடு அதற்கு இடம் விட்டு எழுதப்பட்டிருக்கிறது. உடன் வாசித்தோருள் பலர் ஆங்கிலேயர். மாராபியை அவர்கள் பிறப்பால் அறிந்தவரல்லர். பக்கத்தில் அமர்ந்து வாசித்தே கற்றனர். சுருதி சிற்சில இடங்களில் பிசகுவதாகக் குறை கூறுவோர் உண்டு. பிசகுவது உண்மை. அதனைத் திருத்தினால் போவது எது என்பதைக் குறை கூறுவோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

டாலர் பிராண்ட், பின்னாளில் அப்துல்லா இப்ராகிம், வேறு வழியில் சென்றவர். 1963இல் சூரிக்கில் அவர் வாசிப்பைக் கேட்ட எலிங்டன், பாரிசில் அவர்க்கு இசைத்தட்டுப் பதிவு செய்வித்தார். இப்ராகிமின் ஆக்கங்களைப் பிறர் பெருங்குழுவிற்குக் கோத்தவை சில. டேனியல் ஷ்னைடர் நரம்புக் கருவிகளுக்கு அமைத்த 'ஆப்பிரிக்கன் சூட்' 1998இல் வந்தது. ஸ்டீவ் கிரே கொலோன் நகர வானொலிப் பெருங்குழுவிற்கு அமைத்த 'பொம்பெல்லா' 2009இல் வந்தது. முன்னதில் பாமாலையின் சாயலுள்ள மெதுவான பகுதிகள் நரம்புக் கருவிகளில் மிக இனிமையாக நிற்கின்றன. நான்கு குரலாகப் பாடிய மரபு நான்கு வகை வில்லிசையில் தன் வீட்டைக் கண்டுகொள்கிறது போலும். மாராபி நடைக்கோ வயலின் ஏற்றதன்று. அதன் துடிப்பு மூச்சை நறுக்கி விடுவதில் இருக்கிறது. வில் இழுத்து நீட்டுவது. 'பொம்பெல்லா'வில் ஊதுகருவிகள் உண்டு, மெருகும் உண்டு. எல்லா முனைகளும் ஒரே நொடியில் வெட்டியெடுத்ததுபோல் முடிவதுதான் குறை. 'எம்.ஆர்.ஏ.'யைக் கேட்ட செவிக்கு இது சலவை செய்து மடித்த துணி.

மிகக் கடினமான சோதனை, 1974இல் கேப் டவுனில் இப்ராகிம் பதிவு செய்த 'மானென்பர்க்'. கேப் டவுனுக்குப் புறத்தே, இடம் பெயர்க்கப்பட்டோர் குடியேற்றப்பட்ட ஊரின் பெயர் அது. நிறவெறியை எதிர்த்தோர் கூட்டங்களிலெல்லாம் பின்னர் ஒலித்த இசை. பதின்மூன்று நிமிடத்திற்கு மேல் ஒரே வட்டம். ஆணி பொருத்தியதுபோல் கிணுகிணுக்கும் பியானோ. பேசில் கோட்சியின் டெனர் சாக்சபோன். அந்தச் சாக்சபோன் அவசரப்படாமல் பேசிக்கொண்டே போகிறது. இதனைப் பெருங்குழுவிற்குக் கோக்க முனைபவர் மற்றப் பதினாறு பேரையும் நெடுநேரம் சும்மா இருக்கச் செய்ய வேண்டும். அவர்கள் வாய் திறக்கும்போதும் அந்த ஒருவனுக்கு 'ஆம்' என்று சொல்லுமளவே எழுதவேண்டும்.