மெஷுகாவின் 'பிளீட்': கித்தார் தாளப் பயிற்சி நோக்கில்

'பிளீட்' ஸ்வீடனைச் சேர்ந்த மெஷுகா குழுவின் பாடல். 2008-ல் வெளிவந்த 'ஆப்சென்' இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் இப்பாடல் புரோகிரசிவ் மெட்டல் கித்தார் பயில்வோரிடையே ஒரு தேர்வுத்தாள் போல ஆகிவிட்டது. இதை வாசிப்பவர் தேறியவர், முடியாதவர் இன்னும் பயில வேண்டியவர் என்று ஓர் எண்ணம் நிலவுகிறது. இப்பாடல் கற்றுத்தரக்கூடிய முக்கியமான ஒன்றை இந்த எண்ணமே மறைத்துவிடுகிறது.

குழுவும் கருவியும்

மெஷுகா 1987-ல் ஸ்வீடனின் வடபகுதியிலுள்ள ஊமியோ நகரில் உருவானது. ஃப்ரெட்ரிக் தோர்டெண்டால், மார்ட்டென் ஹாக்ஸ்ட்ரோம் இருவரும் கித்தார் கலைஞர்கள். டிரம்ஸ் வாசிப்பவர் தோமஸ் ஹாகே. 'ஆப்சென்' வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே குழு எட்டுத் தந்திக் கித்தாருக்கு மாறிவிட்டது. வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே மேலும் இரண்டு தடித்த தந்திகள் சேர்ந்து, ஒலி பேஸ் கித்தாரின் எல்லைக்கு இறங்குகிறது. அந்த ஆழத்தில் சுருதி வேறுபாடு காதுக்குத் தெளிவாகப் பிடிபடாது. ஒவ்வொரு மீட்டலும் ஏறக்குறைய ஒரு கொட்டாகவே கேட்கும். 'பிளீட்' பாடலின் முதன்மைப் பகுதியில் இடக்கை அதிகம் நகராததன் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. வலக்கையை இரண்டாவது டிரம் என்றே சொல்லலாம். ஹாகேயின் கால்கள் பேஸ் டிரம்மில் மிதிப்பதை அது அப்படியே தந்தியில் கொட்டுகிறது.

கணக்கு

பாடலின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 115 அடி. அடிப்படை வடிவத்தை நம் பழைய பின்ன வாய்ப்பாட்டிலேயே சொல்லிவிடலாம். அரைக்கால் அடி அளவில் இரண்டு மீட்டல், பின்பு கால் அடி அளவில் இரண்டு மீட்டல். கூட்டினால் முக்கால் அடி. டிரம்ஸ் கலைஞர்கள் இவ்வடிவத்தை 'ஹெர்ட்டா' என்பர். பாடலில் இது இடத்துக்கு இடம் வெட்டியும் மாற்றியும் வருகிறது. இங்கே கொடுக்கப்படுவது எளிமையாக்கிய கணக்கு.

முக்கால் அடித் துண்டுகள் நான்கு சேர்ந்தால் மூன்று அடி. ஆனால் பாடலின் சுற்று நான்கு அடி. ஹாகேயின் கைகள் சிம்பலிலும் ஸ்நேரிலும் அந்த நான்கைத்தான் காட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்றில் ஐந்து துண்டுகள் போக, கால் அடி மிஞ்சும். அந்த மிச்சத்தால் துண்டுகளின் தொடக்கம் அடிகளை விட்டு நகர்ந்துகொண்டே போகும். மூன்று சுற்றுகளில், அதாவது பன்னிரண்டு அடிகளில், பதினாறு துண்டுகள் நிறைந்து இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். இசை நான்கு நான்கு சுற்றுகளாகக் கட்டப்படும்போது இந்தக் கணக்கு இயல்பாக முடியாது. இருபத்தொரு துண்டுகளுக்குப் பின் கால் அடி எஞ்சும். எங்கேனும் வெட்டியோ சேர்த்தோதான் முடிக்க வேண்டும்.

இதே குழுவின் 1998-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'கேயாஸ்ஃபியர்'-இல் உள்ள 'நியூ மில்லேனியம் சயனைடு கிரைஸ்ட்' இந்த வெட்டும் முறையை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. ஐந்தே முக்கால் அடி நீளமுள்ள ஒரு வடிவம் ஐந்து முறை வருகிறது. இருபத்தெட்டே முக்கால் அடி ஆயிற்று. ஆறாவது முறை அது மூன்றேகால் அடியில் நறுக்கப்படுகிறது. மொத்தம் முப்பத்திரண்டு, அதாவது நான்கடிச் சுற்று எட்டு. கேட்பவர் தலையாட்டுவது முதலிலிருந்து கடைசிவரை நான்குக்குத்தான்.

மெஷுகாவை 'ஒற்றைப்படைத் தாளக் குழு' என்று சொல்வது இதனால் பொருந்தாது. ட்ரீம் தியேட்டர் குழுவின் 'த டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' (1999) பாடலில் அடிக்கணக்கே நூறு முறைக்கு மேல் மாறுகிறது. அங்கே மாணவர் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மெஷுகாவில் கணக்கு மாறுவதில்லை. மாறாத கணக்கின் மேல் வேறொன்று நழுவிக்கொண்டிருக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு திறன்கள். இணையப் பாடங்கள் பலவும் இரண்டையும் 'கடினமான தாளம்' என்ற ஒரே பெயரில் கற்பிக்கின்றன.

வலக்கையின் சிக்கல்

ஒரு துண்டுக்கு நான்கு மீட்டல். 115 வேகத்தில் விநாடிக்குப் பத்து மீட்டலுக்குச் சற்று மேல் வரும். இதை வாசிக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், ஒவ்வொரு கால் அடிக்கும் கீழ்வீச்சு. இடையிலுள்ள அரைக்காலுக்கு மட்டும் மேல்வீச்சு. அதாவது கீழ், மேல், கீழ், கீழ். கையே கடிகார ஊசல் போலக் கால் அடிகளை எண்ணிக்கொண்டிருப்பதால் கணக்கு தவறுவது அரிது. ஆனால் நிமிடத்துக்கு 460 கீழ்வீச்சுகள் தேவைப்படும். கீழ்வீச்சுக்குப் பெயர்போன மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' சுமார் 212 அடி வேகம் கொண்டது. அரை அடிக்கு ஒரு வீச்சு என்றால் அங்கே 424 வருகிறது. 'பிளீட்' அதையும் தாண்டுகிறது, நடுவில் மேல்வீச்சு வேறு. பெரும்பாலான மணிக்கட்டுகள் இதைத் தாங்கா.

இரண்டாவது வழி கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி மீட்டுவது. உழைப்பு குறைவு, ஒவ்வொரு துண்டும் கீழ்வீச்சில் தொடங்கும் என்ற ஒழுங்கும் உண்டு. இழப்பும் அதே இடத்தில்தான். சுற்றின் முதல் அடி துண்டின் முதல் மீட்டலில் விழுந்தால், இரண்டாம் அடி மூன்றாம் மீட்டலிலும், மூன்றாம் அடி நான்காம் மீட்டலிலும், நான்காம் அடி மறுபடி முதல் மீட்டலிலும் விழும். அடி சில நேரம் கீழ்வீச்சில், சில நேரம் மேல்வீச்சில். அடி எங்கே இருக்கிறது என்பது இப்போது கைக்குத் தெரியாது. வேகத்தைப் பெறுவதற்காகக் கை எண்ணுவதைக் கைவிட்டுவிட்டது. அந்த எண்ணிக்கையைக் காலோ தலையோ வாயோ ஏற்றுக்கொண்டால்தான் மாணவர் சுற்றுக்குள் இருப்பார். இல்லையெனில் டிரம்ஸ் ஒலிப்பதிவு ஓடும்வரை சரியாக வாசிப்பதாகத் தோன்றும். அதை நிறுத்தியவுடன் முக்கால் அடித் துண்டே அவருக்கு அடியாகிவிடும். நான்கு காணாமல் போகும்.

ஹாகே தம் பேட்டிகளில், இந்த ஒரு பாடலின் கால் பயிற்சிக்கே இசைத்தொகுப்பின் மற்றப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் ஆன அளவு உழைப்புத் தேவைப்பட்டதாகக் கூறியிருக்கிறார். இதைப் பலரும் உடல் வலிமையின் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கால்கள் முக்காலிலும் கைகள் நான்கிலும் இருக்கும்படி ஓர் உடலை இரண்டாகப் பழக்கியதே அந்த உழைப்பின் பெரும்பகுதி என்று கொள்வது பொருத்தம்.

கற்பிக்கும் முறை மீதான விமர்சனம்

இணையத்தில் கிடைக்கும் எளிய டேப் குறிப்புகள் எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தை அழுத்துவது என்பதை எண்களால் காட்டும். கால அளவு அவற்றில் இராது. இடக்கைக்கு அதிக வேலையில்லாத 'பிளீட்' போன்ற பாடலுக்கு அத்தகைய குறிப்பு, சொற்களை நீக்கிவிட்டு நிறுத்தக்குறிகளை மட்டும் அச்சிட்ட பாடநூல் போன்றது. கித்தார் புரோ முதலிய மென்பொருள்கள் கால அளவையும் காட்டி, வேகத்தைக் குறைத்து ஒலிக்கவும் செய்கின்றன. பெரிய உதவிதான். ஆனால் திரையில் நகரும் கோட்டைக் கண்ணால் பின்தொடர்பவர் எண்ணுவதே இல்லை.

மெதுவாகத் தொடங்கு என்ற அறிவுரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 60 வேகத்தில் வாசிக்கும்போது வரும் அரைக்கால் இணை, 115 வேகத்தின் கால் அடி மீட்டல்களின் விரைவையே ஏறக்குறைய ஒத்திருக்கும். அந்த வேகம் பலருக்கும் எளிது. எனவே 60-ல் கையைப் பற்றிய கவலையின்றிக் கணக்கில் மட்டும் கருத்துச் செலுத்தலாம். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் நாளுக்கு ஐந்து ஐந்தாக வேகத்தை ஏற்றுவோரே அதிகம்.

வாயால் சொல்லிப் பழகும் முறைக்குத் தமிழ் வாசகரிடம் ஆயத்தமான கருவி உண்டு. சதுஸ்ர நடையில் 'தகிட' சொல்லி, முதல் எழுத்தை இரண்டாகப் பிளந்து 'தரகிட' என்றால் இவ்வடிவம் கிடைத்துவிடும். கை ஆதி தாளம் போட வேண்டும். எட்டு அடிக்குப் பத்துத் துண்டுகள் போக அரை அடி மிஞ்சும், மூன்று ஆவர்த்தனத்தில் முப்பத்திரண்டு துண்டுகளுடன் சமத்துக்கு வரும். கொன்னக்கோலைப் பிற இசை மாணவர்களுக்கு விளக்கும் 'த கேட்வே டு ரிதம்' என்ற காணொளிப் பாடத்தை ஜான் மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் 2007-ல் வெளியிட்டனர். செல்வகணேஷ் அதே காலத்தில் ஸ்வீடன் கலைஞர்கள் யோனாஸ் ஹெல்போர்க், மத்தியாஸ் எக்லுண்ட் ஆகியோருடன் 'ஆர்ட் மெட்டல்' இசைத்தொகுப்பிலும் வாசித்தார். இதை வைத்து மெஷுகாவின் தாளம் கர்நாடக இசையிலிருந்து வந்தது என்று சிலர் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு இடமில்லை. கோர்வை, மிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சமத்தில் அழகாக இறக்கும். மெஷுகா மிச்சத்தைக் கத்தரித்துவிடுகிறது. அந்த முரட்டு வெட்டில்தான் இவ்விசையின் சுவையே இருக்கிறது.

மதிப்பீடு

'பிளீட்' சிறந்த பாடல், முதல் பாடமாகக் கொள்ளத் தகாதது. கணக்கின் அழகை வேகம் மூடிவிடுகிறது. 'நியூ மில்லேனியம் சயனைடு கிரைஸ்ட்' அவ்வளவு விரைவு மீட்டலைக் கேட்பதில்லை. நறுக்கப்படும் இடத்தைக் காதாலேயே கண்டுகொள்ளலாம். அதை முதலில் கற்று, பின்பு இதற்கு வருவது நல்லது. உள்ளங்கையைத் தந்தியில் வைத்து ஒலியை அடக்கும் பாம் மியூட் பயிற்சிக்கும் அந்த வரிசையே ஏற்றது. மீட்டலுக்கு நடுவிலுள்ள மௌனம் சுத்தமாக இல்லையென்றால் முக்காலும் நான்கும் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும்.

தேர்ச்சியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூலப் பாடலை நிறுத்திவிட்டு, நான்கு அடிகளை மட்டும் தட்டும் மெட்ரோனோமுடன் பதினாறு துண்டுகளை வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். வாசிக்கும்போது பாதத்தால் ஒவ்வொரு அடியையும் தரையில் தட்ட வேண்டும். மூன்றாம் சுற்று முடிந்து அடுத்த 'ஒன்று' வரும்போது பாதமும் பதினேழாம் துண்டின் முதல் மீட்டலும் ஒன்றாக விழுகின்றனவா என்று பதிவைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.