ஸ்பானிஷ் சொல்லின் தாளம்

ஸ்பானிஷ் கவிதை வாசிப்பதைக் கேட்டு ரசிக்க, பொருள் தெரிவதற்கு முன்பே அசை பிரிக்கத் தெரிந்தால் போதும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது அடுத்த அசையோடு சேரும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று. புத்தகத்தைக் குறிக்கும் 'லீ-ப்ரொ'வில் வரும் 'ப்ர' போன்ற சில கூட்டுகள் மட்டும் பிரியாது.

அடுத்து அழுத்தம். சொல்லில் ஓர் அசையில் மட்டும் குரல் சற்று எழும்பும், கொஞ்சம் நீளவும் செய்யும். அந்த அசையை இங்கே நெடிலாக எழுதுகிறேன். உயிரிலோ ன் (n), ஸ் (s) எழுத்திலோ முடியும் சொல்லில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்: லீம, கராகஸ். மற்ற மெய்களில் முடிந்தால் கடைசி அசையில்: மத்ரீத். இந்த விதியை மீறும் சொல்லில், அழுத்தம் விழும் உயிரின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். நாம் பொகோட்டா என்று படிக்கும் ஊருக்கு அந்தக் கோடு கடைசி எழுத்தில். ஆகவே அது பொகொதா.

இந்தக் கோட்டின் அருமை தெரிய மூன்று சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தேர்மினொ: முடிவு. தெர்மீனொ: நான் முடிக்கிறேன். தெர்மினோ: அவர் முடித்தார். எழுத்துகள் ஒன்றே, அழுத்தம் இடம் மாறினால் பெயர் வினையாகிறது, நிகழ்காலம் இறந்தகாலமாகிறது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் கோடு உண்டு. நடுவிலுள்ளது விதிப்படி நடப்பதால் அதற்குத் தேவையில்லை. இவ்வளவு சிக்கனமான எழுத்துமுறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

'இ' ஒலியையும் கவனியுங்கள். மாரியொ என்ற பெயர் இரண்டே அசை: மா-ரியொ. மரீஅவில் அழுத்தம் 'இ'யின் மேலேயே விழுவதால் அது தனியே பிரிந்து மூன்றாகிறது: ம-ரீ-அ.

இனி கவிதைக்குப் போகலாம். ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1928இல் வெளியிட்ட 'ரொமன்ஸேரொ ஹிதானொ' தொகுப்பு, அடிக்கு எட்டு அசை என்ற பழைய நாட்டுக் கதைப்பாடல் யாப்பில் அமைந்தது. எண்ணுவதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒரே அசையாகக் கலக்கும்: 'காஸ ஆல்த' (உயரமான வீடு) என்பது கா-ஸால்-த என மூன்றே அசை. அடியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் இறுதி அசையில் விழுந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் விழுந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். அதனால் காதுக்கு ஏழாகவோ ஒன்பதாகவோ கேட்கும் அடியும் கணக்கில் எட்டுதான். விரல்விட்டு எண்ணும்போது எட்டு வராவிட்டால், முதலில் அந்தக் கடைசிச் சொல்லைத் திரும்பக் கேளுங்கள்.