எந்த எபிசோட் பிடிக்கும்?

2015 ஏப்ரலில் 'டேர்டெவில்' தொடரின் முதல் சீசனை, மொத்தம் 13 எபிசோடுகள், நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டது. அதில் பிடித்தவற்றைப் பட்டியல் போடும் ரசிகர்கள் இரண்டாவது எபிசோடை அநேகமாக விடுவதில்லை. ரஷ்யக் கும்பல் கடத்திய சிறுவனை மீட்க, குறுகலான நடைக்கூடத்தில் தொடரின் நாயகன், கண்தெரியாத வக்கீல் மேட் மர்டாக் முகமூடியோடு போடும் சண்டை அதில்தான் வருகிறது.

ஒரே ஷாட்டில் எடுத்ததுபோல் ஓடும் அந்தக் காட்சிக்குக் கிடைத்த பெயர் நியாயமானதுதான். ஏற்கெனவே அடிபட்டுத் துவண்டவன், ஒருவனைச் சாய்த்துவிட்டுச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறான். விழுந்தவர்கள் மறுபடி எழுந்து வருகிறார்கள். அறைக்குள் நடப்பதைக் கேமரா காட்டுவதில்லை. கதவு வழியாக ஒரு மைக்ரோவேவ் அடுப்பு பறந்து வருகிறது. பட்டியல்கள் கிளப்பிய பேச்சு இல்லையென்றால், இதையெல்லாம் எத்தனை பேர் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பார்கள்?

சிக்கல் என்னவென்றால், எபிசோடின் பெயரில் பட்டியலேறுவது அந்தச் சண்டை மட்டும்தான். அதே எபிசோடில், குத்துச்சண்டை வீரரான அப்பா ஜாக்கின் கிழிந்த முகத்துக்குச் சிறுவன் மேட் தையல் போடுகிறான். தோற்றுப்போவதாக ஒப்புக்கொண்ட போட்டியில் ஜெயித்துவிட்டதற்காக ஜாக் கொல்லப்படுகிறார். நடைக்கூடத்தில் தள்ளாடித் தள்ளாடி எழுகிறவன் அவருடைய பிள்ளை. சண்டையை மட்டும் வெட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது நல்ல ஸ்டன்ட், அவ்வளவே.

எட்டாவது எபிசோடை ரசிகர்கள் கொண்டாடும்போது இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தொடரின் வில்லன் வில்சன் ஃபிஸ்க் காலையில் எழுகிறான், ஆம்லெட் போடுகிறான், கஃப்லிங்க் எடுக்கிறான். கண்ணாடியில் ரத்தம் தெறித்த சிறுவனாகத் தன்னையே பார்க்கிறான். அம்மாவை அடித்த தகப்பனைச் சுத்தியலால் கொன்ற சிறுவன் அவன். அவன் படுக்கையறையில் தொங்கும் வெள்ளை ஓவியம், அன்று தகப்பன் வெறித்துப் பார்க்கச் சொன்ன சுவர். ஆனால் அந்த ஓவியத்தின் முன் கூச்சத்தோடு நின்றவனை மூன்றாவது எபிசோடிலும், காதலி வனெஸாவுடனான விருந்தைக் கெடுத்தவனின் தலையைக் கார்க் கதவில் நசுக்கியவனை நான்காவதிலும் பார்த்திருந்தால்தான் இது உறைக்கும். வின்சென்ட் டொனோஃப்ரியோ இந்த ஆளை எபிசோட் எபிசோடாகச் சேர்த்துக் கட்டுகிறார். எட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி மூன்றுக்கும் நான்குக்கும் போக வேண்டியது.

கடைசி எபிசோட் சில பட்டியல்களில் ஏறுவது மேட் அதில் அணியும் சிவப்பு உடைக்காகத்தான் என்று தோன்றுகிறது. கைதுகளும் ஃபிஸ்க்கின் தப்பியோட்டமும் அடித்துப்பிடித்து ஓடுகின்றன. அதுவரை இருந்த நிதானம் காணாமல் போகிறது.

என் தேர்வு பத்தாவது. நண்பனின் முகமூடி ரகசியம் தெரிந்துவிட்ட ஃபாகி நெல்சன், காயத்தோடு கிடக்கும் மேட்டை வீட்டில் வைத்தே குறுக்கு விசாரணை செய்கிறான். கண்தெரியாதவன் என்று நம்பி இத்தனை வருடம் பழகியதில் எதெல்லாம் பொய் என்பதுதான் கேள்வி. நடுவில் அவர்களுடைய கல்லூரி நாட்கள் வந்து போகின்றன. இதைப் புதியவருக்குச் சிபாரிசு செய்ய மட்டும் முடியாது. முந்தைய ஒன்பதையும் பார்க்காதவருக்கு இரண்டு வக்கீல்கள் வீட்டுக்குள் சத்தம் போடுவதாகத்தான் தெரியும்.