அவர்கள் இட்ட பெயர்கள்

விளம்பரம் ஊருக்காக எழுதப்படுவது. அதிலே ஒப்பனை இருக்கும், புன்னகை இருக்கும், எல்லாம் உமக்காகவே என்ற குழைவு இருக்கும். ஆனால் நான்கு சுவருக்குள், தம் ஆட்களோடு பேசும்போது வழங்கும் பெயர்கள் இருக்கின்றனவே, அவை வேறு இனம். வெளியார் கேட்கமாட்டார் என்ற துணிவிலே பிறந்தவை. ஆகவே ஒப்பனை குறைவு, உண்மை மிகுதி.

அமேசான் எனும் அமெரிக்க வணிகப் பேரரசைப் பற்றிப் பொருளாதாரம் கற்றோர் பலர் எழுதியுள்ளனர். நாம் அதன் பேரேட்டைப் புரட்டப் போவதில்லை. அது தன் பொருள்களுக்கும் திட்டங்களுக்கும் ஆட்களுக்கும் இட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒரு நூலைத் திறனாய்வது போலத் திறனாய்ந்து பார்ப்போம். பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறிவோம் என்று 1929ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்த இயக்கத்தின் வழிவந்தோர் நாம். பெயர் வெறும் ஒலியன்று. யார் மேல், யார் கீழ், யார் ஆள், யார் அடிமை என்பதை அது சொல்லிவிடும் என்று நம் தோழர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

மந்திரமும் பிணமும்

1994ஆம் ஆண்டு. ஜெஃப் பெசோஸ் என்பார், வாஷிங்டன் மாநிலத்திலே, ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கடை ஒன்றுக்குக் கால்கோள் இட்டார். புத்தகக் கடை. அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் 'கடாப்ரா'. வித்தைக்காரன் கோலைச் சுழற்றியபடி 'அப்ரகடாப்ரா' என்று முழங்குவானே, அந்த மந்திரத்தின் வால்! தொலைபேசியில் இதைக் கேட்ட வழக்கறிஞர், பிணம் என்று பொருள்படும் 'கடாவர்' என்ற ஆங்கிலச் சொல்லாகப் புரிந்துகொண்டார். பெயர் மாறிற்று. இடையிலே 'ரிலென்ட்லெஸ்' என்றொரு பெயரும் எண்ணப்பட்டது. விடாது விரட்டுவது, இரக்கம் காட்டாதது என்று இரு பொருளும் படும் சொல் அது. கேட்க நன்றாக இல்லையென்று நண்பர்கள் தடுத்தனர். முடிவில் மாபெரும் ஆற்றின் பெயர் நிலைத்தது.

மந்திரம், பிணம், இரக்கமின்மை! சகுனம் பார்ப்போரானால் இத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். நாம் சகுனம் பார்ப்பவர்கள் அல்லர். பெயரிலே விதி எழுதியிருக்கிறது என்று நாம் சொல்லமாட்டோம். பெயரிலே மனம் எழுதியிருக்கிறது என்பதே நம் வாதம். ஆகவே மேலும் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருந்த மனிதன்

1770ஆம் ஆண்டு, மரியா தெரசா பேரரசியின் அவையிலே, கெம்பெலன் என்பவர் ஒரு பதுமையைக் கொணர்ந்து நிறுத்தினார். துருக்கியன் போல் தலைப்பாகை கட்டிய பதுமை. முன்னே ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. கதவுகளைத் திறந்து காட்டுவார், உள்ளே பற்சக்கரங்கள். பிறகு பதுமை ஆடும், எதிரியை வெல்லும். 1809இல் நெப்போலியனே அதனோடு அமர்ந்து ஆடினான். ஐரோப்பா வியந்தது, அமெரிக்கா மயங்கியது. உண்மை என்ன? பெட்டிக்குள்ளே, முதுகை வளைத்து, மூச்சை அடக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். அதிசயம் என்று கைதட்டப்பட்டது அந்த மனிதனின் உழைப்பு. புகழ் பதுமைக்கு, பணம் பதுமையின் முதலாளிக்கு.

சிலையின் கண்ணில் நீர் வழிகிறதென்று கூட்டம் கூடும்போதெல்லாம், சிலைக்குப் பின்னே குழாய் இருக்கிறதா என்று தேடியவர்கள் நாம். ஆகையால் இந்தக் கதை நமக்குப் புதிதன்று. புதியது ஒன்றுண்டு. கெம்பெலனாவது தன் புரட்டை மறைத்தான். 2005ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் ஒரு சேவையைத் தொடங்கியது. இயந்திரத்தால் செய்ய முடியாத சின்னஞ்சிறு வேலைகளை, படத்திலிருப்பது பூனையா நாயா என்று சொல்வது போன்றவற்றை, எங்கெங்கோ இருக்கும் மனிதர்களிடம் சில காசுகளுக்குச் செய்வித்து, கணினி தந்த விடைபோல் வேண்டுவோர்க்கு வழங்கும் சேவை. அதற்கு இட்ட பெயர் 'மெக்கானிக்கல் டர்க்'. ஆம், அந்தப் பதுமையின் பெயரே!

இன்று செயற்கை அறிவு என்று உலகம் வாய் பிளக்கிறதே, அதன் வளர்ச்சிக்கு அடிகோலிய படத்தொகுப்புகளுள் ஒன்று இமேஜ்நெட். அதிலுள்ள இலட்சக்கணக்கான படங்களை இனம் பிரித்துப் பெயரிட்டவர்கள் இந்தச் சேவையிலே காசுக்கு அமர்ந்த பல நாட்டு மக்கள். அறிவு செயற்கை; முதுகுவலி இயற்கை!

மானும் தீயும்

பிராட் ஸ்டோன் எனும் பத்திரிகையாளர் 2013இல் இந்நிறுவனத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். அதிலே ஒரு செய்தி. சிறு பதிப்பகங்களிடம் விலை பேசும்போது, நோயுற்ற மானைச் சிவிங்கிப்புலி நெருங்குவது போல் நெருங்க வேண்டும் என்றாராம் பெசோஸ். அந்தப் பேரத் திட்டத்துக்கே 'மான் திட்டம்' என்று உள்ளே பெயர் வழங்கிற்று. பின்னர் வழக்கறிஞர்கள் தலையிட்டு, சாதுவான வேறு பெயரை வைத்தார்கள். பெயர் மாறினால் பசி மாறுமா? 2014ஆம் ஆண்டு, மின்னூல் விலை பற்றி ஹாஷெட் பதிப்பகத்தோடு தகராறு எழுந்தபோது, அப்பதிப்பகத்தின் நூல்கள் வாசகர்க்கு வாரக்கணக்கில் தாமதமாகச் சென்றன. வரவிருக்கும் நூல்களுக்கு முன்பதிவு மறுக்கப்பட்டது. எழுத்தாளர்கள் 900 பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் புத்தகத்தை வாசகன் கையில் சேர்க்காமல் நிறுத்திவைக்கும் ஆற்றல் ஒரு கடைக்காரனிடம் குவிந்துவிட்டது என்பதை உலகம் கண்டுகொண்டது.

அதற்கும் முன்னதாக 2007இல், நூல் படிக்கும் கருவியொன்றை விற்றார்கள். பெயர் 'கிண்டில்'. தீ மூட்டுதல் என்று பொருள். அறிவுத் தீ என்று நாமும் மகிழ்ந்திருப்போம். 2009 ஜூலையில் என்ன நடந்தது? உரிமையில்லாதவர் விற்ற பதிப்புகள் என்ற காரணத்தால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேட்காமலே, சில நூல்கள் இரவோடிரவாக அழிக்கப்பட்டன. எந்த நூல்கள்? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை'! ஆள்வோர் ஏடுகளை அழித்து வரலாற்றைத் திருத்துவதைக் கண்டித்து எழுதப்பட்ட நூலையே அழித்தார்கள். பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். பணமும் திருப்பித் தரப்பட்டது. மறுக்கவில்லை. ஆனால் நம் அலமாரிக்குத் திறவுகோல் அவர் இடுப்பிலே இருக்கிறது என்பது மன்னிப்பினால் மாறிவிடாது.

நொடியும் சபதமும்

கிடங்குகளுக்கு வருவோம். அங்கே தொழிலாளியின் கையில் ஒரு கருவி. ஒவ்வொரு பொருளையும் அது குறித்துக்கொள்ளும். பொருளோடு சேர்த்து ஆளையும் குறித்துக்கொள்ளும். ஒரு பொருளைப் பதிந்த 1.25 நொடிக்குள் அடுத்ததைப் பதிந்தால் அது ஒரு குற்றக் குறியாக இருந்தது. அதற்கு உள்ளே வழங்கிய பெயர் 'இயந்திரத் துப்பாக்கி'. கருவி பத்து நிமிடம் ஓய்ந்திருந்தால் அது வேறொரு குறியாக இருந்தது. பெயர் 'சும்மா இருந்த நேரம்'. பிரான்சு நாட்டின் தனியுரிமைக் காப்பு ஆணையம் 2023 டிசம்பரில் தண்டம் விதித்தபோது இவற்றையெல்லாம் வெளிப்படுத்தியது. விரைந்தாலும் குற்றம்; அயர்ந்தாலும் குற்றம். துப்பாக்கி என்று பெயர் வைத்தவர்களுக்கு, அதைப் பிடித்திருப்பது மனிதக் கை என்பது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

2011இல் பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்கிலே, கோடை வெப்பத்தில் தொழிலாளர் மயங்கி விழ, கிடங்கின் வாயிலிலே மருத்துவ ஊர்திகள் காத்து நின்றதை அவ்வூர் நாளேடு வெளியிட்டது. குளிரூட்டும் பொறிகள் அதன் பிறகே வந்தன. 2021 டிசம்பர் 10ஆம் நாள், இல்லினாய் மாநிலம் எட்வர்ட்ஸ்வில்லில் சூறாவளி தாக்கிக் கிடங்கு இடிந்து 6 பேர் மாண்டனர். 2024 ஜூனில் கலிபோர்னியா அரசு, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற அளவை எழுத்திலே தொழிலாளர்க்குத் தரவில்லை என்று இரண்டு கிடங்குகளுக்காக 59 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. நிறுவனம் அதை மறுத்தது.

நம் துணைக்கண்டத்திலும் ஒரு கதை உண்டு. அரியானா மாநிலம் மானேசரில், ஆறு சரக்கு லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் செல்லமாட்டோம் என்று தொழிலாளரிடம் சபதம் வாங்கியதாக 2024இல் செய்தி வெளியானது. தேசிய மனித உரிமை ஆணையம் அரசுக்கு அறிவிப்பு அனுப்பியது. தனியொரு நிகழ்ச்சி என்றது நிறுவனம். இருக்கட்டும். தாகத்துக்கு எதிராகச் சபதம்! புராணத்திலே முனிவர்கள் வரம் வேண்டி இப்படித் தவம் செய்ததாகச் சொல்வார்கள். இங்கே தவம் தொழிலாளிக்கு, வரம் வேறொருவருக்கு.

ஹோமரின் பெயரால்

இலக்கியம் நேசிப்போர் வருந்த வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 'பிரைம்' எனும் கட்டணச் சந்தாவில் சேருவது எளிதாக இருந்தது. விலகுவதோ? நான்கு பக்கம், ஆறு சொடுக்கு, பதினைந்து தெரிவு என்று இருந்தது! இந்தச் சுற்றுவழிக்கு உள்ளே வழங்கிய பெயர் 'இலியட்' என்று 2023 ஜூனில் தொடுத்த வழக்கிலே அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் எடுத்துக்காட்டியது. முடிவுறாத முற்றுகைப் போரைப் பாடிய கிரேக்கக் காவியத்தின் பெயர்! படித்தவர்கள்தாம் வைத்திருக்கிறார்கள். படிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு நிறுவனம் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தரவேண்டிய தொகை. வாடிக்கையாளரிடம் வெறிகொண்ட பற்று வேண்டும் என்பது இந்நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட கோட்பாடுகளில் முதலாவது. பக்தனின் பெயரைச் சொல்லி உண்டியலை நிரப்பும் கலையை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.

எதிர்வாதம்

நேர்மையாக மறுபக்கத்தையும் பேசுவோம். உலகெங்கும் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு வேலை தந்திருக்கிறார்கள், மெய். 2018இல் அமெரிக்கத் தொழிலாளிக்கு மணிக்கு 15 டாலர் குறைந்த கூலி என்று, சட்டம் கோரியதைவிடக் கூட்டிக் கொடுத்தார்கள், மெய். சிற்றூரில் இருக்கும் இளைஞன், கடைக்காரன் தன்னை ஏற இறங்கப் பார்ப்பானே என்ற கூச்சமின்றி, விரும்பிய நூலைத் தருவித்துப் படிக்கிறான், இதுவும் மெய். அவன் வாங்குவதைக் குற்றமென்று கூற நாம் வரவில்லை.

இயந்திரத்தைப் பழிப்பதும் நம் வேலையன்று. இயந்திரம் பெருகும், மனிதனின் உழைப்பு நேரம் சுருங்கும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் எடுத்துரைத்த பெரியாரின் மாணவர்கள், செக்குமாட்டு வாழ்வுக்குத் திரும்பச் சொல்வோமா? அதனாலேதான் நம் சினம் பெரிது. மனிதனுக்கு ஓய்வு தர வந்த கருவி, ஓய்வைக் குற்றமாகக் குறிக்கும் கருவியாகிவிட்டதே! இயந்திரத்தை வேண்டியவர்கள் நாம். பெட்டிக்குள் மனிதனைப் பூட்டி வைத்து, அதற்கு இயந்திரம் என்று பெயரிடும் புரட்டை வேண்டாதவர்கள்.

அவர்களே இட்டுக்கொண்ட பெயர்

கிடங்குத் தொழிலாளிக்கு நிறுவனம் இட்ட பெயர் 'அசோசியேட்'. கூட்டாளி என்று பொருள். பங்கில்லாத கூட்டாளி! 2020 மார்ச்சில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கிலே, கொரோனா நோய்த் தடுப்புப் போதவில்லையென்று வெளிநடப்பு நடத்திய கிறிஸ் ஸ்மால்ஸ் எனும் கறுப்பினக் கூட்டாளி, அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தனித்திருக்கும் விதியை மீறினார் என்பது நிறுவனம் சொன்ன காரணம். அடுத்த சில நாளில் உள்ளிருந்து ஒரு குறிப்பு வெளிவந்தது. அவருக்கு அறிவுக் கூர்மையும் இல்லை, பேசும் திறனும் இல்லை என்று நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் அதிலே எழுதியிருந்தார். பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தார். கீழே இருப்பவனுக்கு அறிவில்லை என்ற சொல்லை நாம் எத்தனை நூற்றாண்டு கேட்டிருக்கிறோம், தோழர்களே!

அறிவில்லை என்று எழுதப்பட்ட அந்த மனிதர், பேருந்து நிறுத்தத்திலே கூடாரம் அடித்து, வேலை முடிந்து வருவோர்க்கு உணவு தந்து, பேசிப் பேசி ஆள் சேர்த்தார். 2022 ஏப்ரல் 1ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. சங்கம் வேண்டும் என்றோர் 2,654 பேர். வேண்டாம் என்றோர் 2,131 பேர். அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் கிடங்கொன்றில் சங்கம் பெற்ற முதல் வெற்றி அது. நிறுவனம் முடிவை ஏற்காமல் வழக்காடியது. 2024 ஜூனில் அச்சங்கம் டீம்ஸ்டர்ஸ் எனும் பெருஞ்சங்கத்தோடு இணைந்தபோதும் கூலி ஒப்பந்தம் கைக்கு வரவில்லை. ஆயினும் ஒன்று நடந்துவிட்டது. கூட்டாளி என்று அழைக்கப்பட்டவர்கள், தம் சங்கத்துக்கு 'அமேசான் தொழிலாளர் சங்கம்' என்று தாமே பெயரிட்டுக்கொண்டார்கள். இக்கட்டுரையில் நாம் எடுத்துப் பார்த்த பெயர்களிலே, உள்ளதை உள்ளபடி சொல்லும் பெயர் அது ஒன்றே.

பொருள் வந்து வாயிலில் இறங்கும்போது அதிசயம் என்று கைதட்டாதீர். பெட்டிக்குள் இருப்பவன் யார், அவனுக்கு என்ன கூலி, அவன் தண்ணீர் குடித்தானா என்று கேளுங்கள். கொண்டுவந்து தரும் தோழனிடம் கேளுங்கள். சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்களிடம் கேளுங்கள். வேலையளவை எழுத்தில் தரும் சட்டம் கலிபோர்னியாவுக்கு இயலுமானால் இங்கே ஏன் இயலாது என்று கேளுங்கள். கேட்கத் தொடங்கிய நாளில்தான் சிலைக்குப் பின்னிருந்த குழாய் தெரிந்தது. இந்தப் பெட்டியின் கதவும் கேள்வியால்தான் திறக்கும்.