மூன்று வாரத்து ஆங்கில வாத்தியார்

கனடாவிலும் பிரிட்டனிலும் நார்வேயிலும் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்கள், கோடை விடுமுறையில் பெற்றோரின் மண்ணுக்கு வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது ஈழத்தில் பழகிப்போன காட்சி. 2009-இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் அப்படிப் பலர் வந்துபோனார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் அவ்வளவாக வேர்விடவில்லை. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ திட்டம் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து கோயில்களையும் கலைகளையும் காட்டுகிறதே தவிர, கரும்பலகை முன்னால் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். அதை வடசென்னையின் மணலியை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே என் விருப்பம்.

மணலியை ஏன் எடுக்கிறேன் என்றால், சொந்த ஊர் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் இந்த ஊர் இடம்பெறுவதில்லை. 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதற்குப் பின் வந்த உர ஆலை, பெட்ரோ கெமிக்கல் கம்பெனிகள், சாலையை அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள் என்று இதன் முகமே வேறு. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தாலும், மெட்ரோ ரயில் 2021-இல் விம்கோ நகரோடு நின்றுவிட்டது. தொண்டு செய்ய வருகிறவர் அடையாறிலோ ஈ.சி.ஆரிலோ தங்கினால், தினமும் மணலி வந்துபோவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும்.

தாய்மண்ணுக்குத் திரும்புவது என்ற அனுபவம் மட்டும் மணலிக்குப் புதிதல்ல. சடையங்குப்பம் பக்கம் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபின், பர்மாவை விட்டுக் கப்பலேறி வந்த தமிழர்களின் நினைவைச் சுமக்கும் பெயர் அது. அப்படி வந்தவர்களின் கையில் திரும்பிப்போக டிக்கெட் இல்லை. இன்று வருகிறவரின் பையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ‘வேர்’, ‘மண்’ என்று உருகுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

அயலகத்துப் பிள்ளைகள் வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உண்மையான பலம்.

நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு நூறு மதிப்பெண்ணுக்கும் எழுத்துத் தேர்வுதான். ஒரு வாக்கியம்கூட வாய் திறந்து பேசாமல் தொண்ணூறு வாங்கிவிடலாம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்தும் இந்த ஊமைத்தனம் போகவில்லை. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வு கேட்காத ஒன்றுக்கு நேரம் ஒதுக்க அவருக்கு வழியில்லை. ஆனால் மணலிப் பையன் ஒருவன் பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்துச் சரக்குப் பெட்டக நிலையத்தில் டேலி கிளார்க் வேலைக்கோ கம்பெனியில் அப்ரன்டிஸாகவோ போய் நிற்கும்போது, அவனிடம் கேட்பது இரண்டு வரி பேச்சைத்தான். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்த இடத்தில் அயலகத்துப் பிள்ளையால் ஒன்று முடியும். அவர் முகமும் பெயரும் நம் வீட்டு முகம், நம் வீட்டுப் பெயர். ஆங்கிலம் என்றால் கான்வென்ட், பணக்காரர், கேலி என்று பயந்துபோன பிள்ளைக்கு, தன் சாயலில் இருக்கும் அக்காவோ அண்ணனோ அந்த மொழியைச் சாதாரணமாகப் புழங்குவதைப் பார்ப்பதே ஒரு தெம்பு. அந்த அக்காவின் தமிழ் தடுமாறுவது இன்னும் நல்லது. ‘மழை வந்தான்’ என்று அவர் சொல்ல, வகுப்பு சிரித்துத் திருத்தும். திருத்திய பிள்ளை அடுத்த நிமிடம் தன் ஆங்கிலம் தப்பாகப் போனாலும் வெட்கப்படாது. பிழை என்பது இரு பக்கமும் உள்ள சங்கதி என்று ஆகிவிடுகிறது. பயிற்சி பெற்ற எந்த உள்ளூர் ஆசிரியராலும் இதை எளிதில் உண்டாக்க முடியாது. ஆகவே வெள்ளைக்காரத் தொண்டரையும் தமிழ்த் தொண்டரையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

குறை எங்கே என்றால், முதலில் காலத்தில். இந்தியாவின் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத் தொண்டுப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. அதில் பயணக் களைப்பு, உறவினர் வீடு, கோயில் எல்லாம் போக மூன்று வாரம் மிஞ்சும். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்கே ஒரு வாரம் ஆகும். அதுவும் பலர் தேர்ந்தெடுப்பது டிசம்பர், ஜனவரி. சபாக் கச்சேரி இருக்கும், பொங்கல் இருக்கும், வெயில் இருக்காது. பள்ளியிலோ அது அரையாண்டுத் தேர்வும் அதையடுத்த விடுமுறையும். பாடம் நடத்த ஏற்ற மாதங்கள் ஜூனும் ஜூலையும். மேற்கு நாடுகளில் அப்போது கல்லூரி விடுமுறைதான். இருந்தும் அந்த மாதங்களை யார் விரும்புகிறார்கள்?

இரண்டாவது குறை பணக்கணக்கு. இதைப் பேசினால் பலருக்குக் கசக்கும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில், தெருவிலேயே குடியிருக்கும் பெண்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிப்பித்தார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. டொரன்டோவிலிருந்து சென்னை வந்துபோக ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிக்கெட் பணம் அப்படி ஒரு பெண்ணுக்கு எட்டு வருட ஊக்கத்தொகை. வருகிறவர் தன் சொந்தப் பணத்தில்தான் வருகிறார், அதை வேறெதற்காவது கொடு என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ‘பிள்ளைகளுக்காக வந்தேன்’ என்று சொல்லும்போது இந்தக் கணக்கு கூடவே வந்து நிற்கும். ‘எனக்காக வந்தேன், முடிந்ததைச் செய்துவிட்டுப் போகிறேன்’ என்று சொல்கிறவரிடம் எனக்கு மரியாதை அதிகம்.

பாடப்பொருளும் ஒரு சிக்கல். பனிமனிதன் பாட்டும் ஹாலோவீன் கதையும் ஒருநாள் கலகலப்புக்குச் சரி. தொழிற்சாலை வாசலில் தொங்கும் பாதுகாப்பு எச்சரிக்கையைப் படிக்க, கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுத, எண்ணூரில் 2023 டிசம்பரில் நடந்த எண்ணெய்க் கசிவையும் அமோனியாக் கசிவையும் பற்றி வெளியாள் கேட்டால் எடுத்துச் சொல்ல என்று இந்த ஊருக்கு ஓர் ஆங்கிலம் தேவைப்படுகிறது. அதை டொரன்டோவில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்கு அழைத்த முன்னோடி நாடுகள் இரண்டைப் பார்க்கலாம். தைவான் அரசு 2006 முதல் வெளிநாட்டில் வளர்ந்த தைவானிய இளைஞர்களைக் கோடையில் அழைத்து, ஒரு வாரம் பயிற்சி, இரண்டு வாரம் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பு, ஒரு வாரம் ஊர்சுற்றல் என்று திட்டமிட்டு நடத்துகிறது. இதன் உள்நோக்கம் ஒளிவுமறைவற்றது. ஆங்கிலத்தைவிட, அந்த இளைஞர்களைத் தைவானோடு கட்டிப்போடுவதே பெரிய காரியம். தென்கொரியா 2008-இல் தொடங்கிய திட்டம் வேறு மாதிரி. வெளிநாட்டுக் கொரியர் உள்ளிட்ட இளைஞர்களைக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மாலை வகுப்புக்கு அமர்த்தியது. குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், உதவித்தொகை உண்டு, பக்கத்தில் ஓர் உள்ளூர்க் கல்லூரி மாணவர் துணையாக இருப்பார். 2021-இல் அது மூடப்பட்டது. ஆனாலும் பிள்ளைகளின் பக்கமிருந்து பார்த்தால் கொரியாவின் ஏற்பாடுதான் மேல். காலம் நீண்டது. வகுப்பை நடத்தும் பொறுப்பு ஊர்க்காரரிடமும் இருந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ‘நம்ம தமிழ்ப் பிள்ளைதானே’ என்ற உரிமையில் காவல்துறைச் சான்று கேட்காமல் வகுப்புக்குள் விடுவதும், பிள்ளைகளைப் படமெடுத்துப் போட அனுமதிப்பதும் நடக்கக்கூடாத காரியம். சொந்தக்காரர் என்பது சான்றிதழ் ஆகாது.

என் தீர்ப்பு இது: இந்தப் பழக்கம் ஆசிரியர் இடத்தை நிரப்பப் புறப்பட்டால் தோற்கும். பேச்சுத்துணையாக, ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தால் உருப்படும். ‘வேர்களைத் தேடி’யின் பயணநாட்களைக் கொஞ்சம் நீட்டி, விருப்பமுள்ளவர்களை வடசென்னைப் பள்ளிகளில் உள்ளூர்க் கல்லூரி மாணவர் ஒருவரோடு ஜோடி சேர்த்து அரசு அனுப்பிப் பார்க்கலாம். தனியாக வர நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: ஜூனில் வாருங்கள். வருவதற்கு முன் பள்ளி ஆசிரியரிடம் பேசி, அவருக்கு எது தேவை என்று கேட்டு அதை மட்டும் செய்யுங்கள். திரும்பிப்போன பிறகும் வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் அதே பிள்ளைகளோடு பேசுங்கள். அடுத்த வருடமும் அதே பள்ளிக்கே வாருங்கள். இதற்கெல்லாம் முடியாது என்று தோன்றினால் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியை உள்ளூர் மாலை வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, மணலியைச் சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அதிலும் தவறில்லை.